சிறு கிராஃபிக் திரை தொடர் இணைப்பில் இயங்கவில்லையா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மைக்ரோகண்ட்ரோலரோடு சில ஒயர்களில் இணைக்கப்படும் சிறு கிராஃபிக் திரைகளை என் வேலைக்காகவும், "செத்துவிட்டது" என்று பிறர் கொண்டுவந்து கொடுத்ததாலும் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் உண்மையிலேயே செத்திருந்தவை மிகச் சில. மற்றவை மின்சாரம் போதாமலோ, ஒயர் இடம் மாறியோ, நிரலில் வேறொரு கண்ட்ரோலர் சிப்பின் (திரையை இயக்கும் சிப்பின்) பெயர் எழுதப்பட்டிருந்ததாலோ மௌனமாக இருந்தவை. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, திரையை மாற்றியே ஆகவேண்டிய காரணத்தில் முடித்திருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

உங்கள் சொந்த நிரலை ஒதுக்கி வைத்துவிட்டு, திரைக்கான லைப்ரரியோடு (ஆயத்த நிரல் தொகுப்போடு) வரும் மாதிரி நிரலை ஏற்றுங்கள். சென்சார், வைஃபை, மோட்டார் எல்லாம் சேர்ந்த நிரலில் திரையின் பிழையைத் தேடுவது, வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதுதான். மாதிரி நிரல் ஓடினால் திரையும் ஒயரும் நலம். பிழை உங்கள் நிரலில் இருக்கிறது என்று அப்போதே முடிவாகிவிடும்.

அடுத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் திரையின் ஜிஎன்டி (கிரவுண்ட்) பின்னிலும் சிவப்பு முனையை விசிசி (மின்சாரம் நுழையும்) பின்னிலும் வைத்து, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவிடுங்கள். பலகையின் பக்கம் அளந்த 3.3 வோல்ட்டை நம்பக் கூடாது. பிரெட்போர்டின் தளர்ந்த துளையிலும், வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே அறுந்திருக்கும் ஜம்பர் ஒயரிலும் அது வழியிலேயே காணாமல் போகும். திரையின் பின்னில் 3.3-க்குப் பதிலாக 3.0 வோல்ட்டோ, 5-க்குப் பதிலாக 4.5 வோல்ட்டோ தெரிந்தால், படத்தைப் பற்றி யோசிக்கும் முன் மின்சாரத்தைச் சரிசெய்யுங்கள்.

பின்களின் வரிசையைப் படத்தைப் பார்த்து இணைக்காமல், கையில் இருக்கும் பலகையில் அச்சிட்டுள்ள எழுத்தைப் பார்த்து இணைக்க வேண்டும். நான்கு பின் கொண்ட ஓஎல்இடி (புள்ளிகள் தாமே ஒளிரும்) திரைகளில் ஜிஎன்டி, விசிசி, எஸ்சிஎல் (கடிகாரக் கோடு), எஸ்டிஏ (தகவல் கோடு) என்ற வரிசையும் உண்டு. விசிசி, ஜிஎன்டி என்று முதல் இரண்டும் மாறிய வரிசையும் உண்டு. ஒரே பையில் வந்த இரண்டு திரைகளில் இந்த வரிசை மாறியிருந்ததைக் கவனியாமல், முதலாவது ஓடிய அதே சாக்கெட்டில் இரண்டாவதைச் செருகி நான் ஒன்றை இழந்திருக்கிறேன். மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்தால் சிப் சில நொடிகளில் விரலால் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். அப்போதே ஒயரைப் பிடுங்கினால் சில நேரம் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஒயர், லைப்ரரி, வேகம் என மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிப் படம் வந்துவிட்டால், எது பிழை என்று தெரியாமலேயே போய், அடுத்த மாதம் அதே பிழை திரும்பி வரும்.

## அறிகுறி 1: திரை முழுக்க இருட்டாக இருக்கிறது

முதலில் திரையின் வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓஎல்இடி திரைக்குப் பின்னொளி கிடையாது. நிரலிலிருந்து கட்டளை போகாத வரை, மின்சாரம் சரியாக இருந்தாலும் அது இருட்டாகவே இருக்கும். எல்சிடி திரை இருட்டாக இருந்தால் பின்னொளிக்கே மின்சாரம் போகவில்லை என்று பொருள். அதற்கு 1-இ பிரிவுக்குச் செல்லுங்கள்.

### 1-அ: ஐ2சி ஓஎல்இடி திரை, முகவரி தேடும் நிரலில் எதுவும் தெரியவில்லை

ஐ2சி என்பது எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டே ஒயர்களில், ஒவ்வொரு சிப்பையும் அதன் முகவரியைச் சொல்லி அழைக்கும் இணைப்பு; எந்த முகவரியில் பதில் வருகிறது என்று காட்டுவது முகவரி தேடும் நிரல். அந்த ஒயர்கள் இரண்டும் இடம் மாறியிருப்பதுதான் முதல் சந்தேகம். மாற்றிச் செருகிப் பார்ப்பதால் எதுவும் கெடாது. பலகைக்கேற்ற பின்களில்தான் செருகியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்: ஆர்டுயினோ உனோவில் எஸ்டிஏ ஏ4, எஸ்சிஎல் ஏ5, மெகாவில் முறையே 20, 21, இஎஸ்பி32 பலகைகளில் வழக்கமாக 21, 22, இஎஸ்பி8266 பலகைகளில் 4, 5. இந்தக் கடைசி இரண்டும் பலகையின் மேல் டி2, டி1 என்று அச்சிடப்பட்டிருப்பதால் ஏமாறுவோர் அதிகம். ராஸ்பெர்ரி பையில் 3, 5-ஆம் பின்கள். அதோடு அமைப்புகளில் ஐ2சி இணைப்பை இயக்கியிருக்கவும் வேண்டும்.

ஒயர்கள் சரியாக இருந்தும் முகவரி தெரியவில்லையென்றால், எந்தத் தகவலும் போகாத நேரத்தில் எஸ்டிஏ, எஸ்சிஎல் பின்களின் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ விசிசி அளவிலேயே நிற்க வேண்டும். அளவீடு சொல்லும் வழி இது:

- இரண்டும் பூஜ்ஜியத்துக்கு அருகில், அல்லது நிலையில்லாமல் அலைகின்றன: புல்-அப் ரெசிஸ்டர் (கோட்டை விசிசி அளவுக்கு இழுத்து நிறுத்துவது) இல்லை. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் விசிசிக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். ஆர்டுயினோ சிப்பின் உள்ளே இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால், குட்டை ஒயரில் தற்செயலாக ஓடினாலும் அதை நம்பியிருக்க முடியாது.
- எஸ்டிஏ மட்டும் பூஜ்ஜியம், எஸ்சிஎல் மேலே: தகவல் பாதியில் நின்றபோது ஏதோ ஒரு சிப் கோட்டைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறது. திரை உட்பட எல்லாவற்றின் மின்சாரத்தையும் நிறுத்தித் திரும்பக் கொடுங்கள். மைக்ரோகண்ட்ரோலரை மட்டும் ரீசெட் செய்தால் போதாது. மின்சாரத்தை நிறுத்த முடியாத இடத்தில், எஸ்சிஎல் கோட்டில் ஒன்பது துடிப்புகளை நிரல் வழியே அனுப்பினால் கோடு விடுபடும்.
- இரண்டும் விசிசி அளவில், ஆனாலும் முகவரி இல்லை: திரை ஐ2சி முறையில் இல்லை. ஏழு பின் கொண்ட ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் எஸ்பிஐ (முகவரிக்குப் பதில் தனி ஒயரால் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் தொடர் இணைப்பு) முறையிலேயே வருகின்றன. ஐ2சிக்கு மாற்றப் பின்புறத்தில் உள்ள சிறு ரெசிஸ்டர்களை இடம் மாற்றிச் சாலிடர் செய்ய வேண்டும். எந்த இடத்துக்கு எது என்று அங்கேயே அச்சிட்டிருக்கும்.

ஒரே பஸ்ஸில் (அதே ஒயர்களில்) நான்கைந்து மாட்யூல்களைத் தொங்கவிட்டிருப்பவர்கள் எதிர்த் திசையிலும் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி புல்-அப் இருந்தால் எல்லாம் இணையாகச் சேர்ந்து, எந்தச் சிப்பாலும் கோட்டைக் கீழே இழுக்க முடியாத அளவுக்குத் தடை குறைந்துவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு எஸ்டிஏவுக்கும் விசிசிக்கும் இடையே தடையை அளவிடுங்கள். 5 வோல்ட் பஸ்ஸில் 1.5 கிலோ ஓமுக்குக் கீழே காட்டினால், ஒன்றிரண்டு மாட்யூல்களின் புல்-அப்பைக் கழற்ற வேண்டும்.

ராஸ்பெர்ரி பை, இஎஸ்பி32 வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. திரையின் விசிசியை 5 வோல்ட்டில் கொடுத்தால், சில மாட்யூல்களில் புல்-அப் வழியே அந்த 5 வோல்ட் நேராக எஸ்டிஏ, எஸ்சிஎல் கோடுகளுக்கு வந்து, 3.3 வோல்ட் தாங்கும் பின்களைக் கொன்றுவிடும். இவற்றோடு சேரும்போது திரைக்கும் 3.3 வோல்ட்டே கொடுங்கள்.

### 1-ஆ: முகவரி தெரிகிறது, திரை மட்டும் இருட்டு

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒயர்களை இனித் தொட வேண்டாம். தேடும் நிரல் காட்டிய முகவரியும் உங்கள் நிரலில் எழுதிய முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். பல சிறு ஓஎல்இடி திரைகளை இயக்கும் எஸ்எஸ்டி1306 சிப், ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 3சி அல்லது 3டி என்ற முகவரியில் பதில் சொல்லும்; ஆனால் பலகையின் பின்புறத்தில் 78, 7ஏ என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றே. அச்சிட்டது எழுதும் பிட்டையும் சேர்த்த எட்டு பிட் வடிவம். பெரும்பாலான லைப்ரரிகள் கேட்பது அதில் பாதியான ஏழு பிட் வடிவம். ஆகவே 78 என்று எழுதிவிட்டு விழிப்பவர்கள் 3சி என்று மாற்றிப் பாருங்கள்.

முகவரி சரியென்றால் அடுத்தது நினைவகம். 128×64 ஒற்றை நிறத் திரையின் ஒரு முழுப் படத்துக்கு 1,024 பைட் தேவை. உனோவில் உள்ள மொத்த ரேம் 2,048 பைட். சில லைப்ரரிகள் இந்த 1,024 பைட்டை நிரல் ஓடத் தொடங்கிய பிறகே கேட்டு வாங்குவதால், கம்பைலர் காட்டும் கணக்கில் அது சேராது. "60 விழுக்காடுதான் நிரம்பியிருக்கிறது" என்று கம்பைலர் சொன்னால், உண்மையில் இடமே இல்லை என்று பொருள். நீண்ட வாக்கியங்களை எஃப்() மேக்ரோவுக்குள் வைத்து ரேமிலிருந்து நகர்த்துங்கள். அல்லது யூ8ஜி2 லைப்ரரியில் முழு பஃபருக்குப் (முழுப் படத்தையும் ரேமில் வைத்திருக்கும் இடத்துக்குப்) பதில் பக்கம் பக்கமாக வரையும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரீசெட் பின் உள்ள திரைகளில் அதை எங்கும் இணைக்காமல் விட்டிருந்தாலும் இதே இருட்டுதான். நான்கு பின் திரைகளில் ரீசெட் சுற்று உள்ளேயே இருப்பதால், லைப்ரரியில் ரீசெட் பின் எண்ணாக -1 கொடுக்க வேண்டும். திரையும் மைக்ரோகண்ட்ரோலரும் ஒரே பலகையில் ஒட்டி வருபவற்றிலோ ரீசெட் தனியாக ஒரு பின்னில் இருக்கக்கூடும். அந்தப் பலகையின் பின் விளக்கப் படத்தைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகும் இருட்டென்றால், திரையையே கேட்டுவிடலாம். எஸ்எஸ்டி1306-க்கு வரிசையாக ஹெக்ஸ் 8டி, 14, ஏஎஃப், ஏ5 என்ற கட்டளைகளை அனுப்புங்கள். முதல் இரண்டும் ஓஎல்இடிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உள்ளேயே உண்டாக்கும் சார்ஜ் பம்பை இயக்கும். மூன்றாவது திரையை இயக்கும். நான்காவது, நினைவகத்தில் என்ன இருந்தாலும் எல்லாப் புள்ளிகளையும் ஒளிரச் செய்யும். திரை முழுக்க ஒளிர்ந்தால் கண்ணாடி நலம், பிழை நிரலில். முகவரிக்குப் பதில் சொல்லிக்கொண்டே இதற்கும் ஒளிராவிட்டால், சார்ஜ் பம்பின் கெப்பாசிட்டரோ கண்ணாடியை இணைக்கும் ஃபிளெக்ஸ் கேபிளோ போய்விட்டது. இந்த இடத்தில் திரையை மாற்றுவதே நேரத்துக்கு லாபம்.

### 1-இ: எல்சிடி திரை, பின்னொளியே இல்லை

பின்னொளிக்குத் தனிப் பின் உண்டு: எல்இடி, பிஎல், அல்லது பிஎல்ஏ, பிஎல்கே என்று ஜோடியாக. அதை இணைக்காமல் விட்டவர்களே அதிகம். மாட்யூலில் பின்னொளிக்கான ரெசிஸ்டர் இல்லையென்றால் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள். 100 ஓம் அளவில் ஒன்றைத் தொடராகப் போட்டுச் சோதியுங்கள். மைக்ரோகண்ட்ரோலரின் பின்னிலிருந்து நேராகப் பின்னொளியை ஓட்டுவதும் கூடாது. இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

## அறிகுறி 2: பின்னொளி எரிகிறது, படம் இல்லை

### 2-அ: வண்ண டிஎஃப்டி திரை வெள்ளையாகவே நிற்கிறது

வெள்ளைத் திரை என்றால் கண்ட்ரோலர் சிப்புக்குத் தொடக்கக் கட்டளைகள் போய்ச் சேரவில்லை என்று பொருள். எஸ்டி7735, எஸ்டி7789, ஐஎல்ஐ9341 ஆகிய மூன்று கண்ட்ரோலர் சிப்களிலும் நான் சோதிக்கும் வரிசை ஒன்றே.

டிசி (வருவது கட்டளையா தகவலா என்று சொல்லும் பின்), சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்), ரீசெட் மூன்றும் நிரலில் எழுதிய எண்களில்தான் செருகப்பட்டிருக்கின்றனவா என்பது முதலாவது. டிசி பின்னை ஏ0 என்றும் ஆர்எஸ் என்றும் சில பலகைகளில் அச்சிட்டிருப்பார்கள். எஸ்சிஎல், எஸ்டிஏ என்ற பெயரைப் பார்த்து ஐ2சி பின்களில் கொண்டுபோய்ச் செருகுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. டிசி பின்னும் உள்ள வண்ணத் திரையில் அந்தப் பெயர்கள் எஸ்பிஐ கடிகாரத்தையும் தகவலையும் குறிக்கின்றன. உனோவில் அவை 13-க்கும் 11-க்கும் போக வேண்டும்.

இரண்டாவது, லாஜிக் மின்னழுத்தம். ஐஎல்ஐ9341 மாட்யூல்களின் விசிசி பின் 5 வோல்ட்டை ஏற்றுக்கொண்டாலும், தகவல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. உனோவிலிருந்து 5 வோல்ட் சைகையை நேராகக் கொடுத்தால் பல திரைகள் வெள்ளையாகவே நிற்கும். சில திரைகள் நாள் கழித்துச் சாகும். லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட் சைகையை 3.3 வோல்ட்டாக இறக்குவது) போடுவதே முறை. சோதனைக்கு மட்டும், ஒவ்வொரு கோட்டிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். சிவப்பு நிறப் பலகைகளில் ஜே1 என்ற சிறு இணைப்பு இருக்கும், மாட்யூலுக்கு 3.3 வோல்ட் கொடுப்பதானால் அதைச் சாலிடரால் மூடுவது நல்லது, 5 வோல்ட் கொடுப்பதானால் ஒருபோதும் மூடக் கூடாது.

மூன்றாவது, சிஎஸ் பின்னே இல்லாத 240×240 எஸ்டி7789 திரைகள். இவை எஸ்பிஐயின் வழக்கமான முறை 0-இல் பதில் சொல்வதில்லை. முறை 3-க்கு மாற்றியதும் உயிர் பெறும். ஒயரை நூறு முறை பிடுங்கிச் செருகினாலும் தீராத, நிரலில் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் தீரும் பிழை இது.

நான்காவது, 3.3 வோல்ட் மூலத்தின் பலம். உனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து 50 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். பெரிய டிஎஃப்டியின் பின்னொளி ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

### 2-ஆ: 128×64 எஸ்டி7920 திரை வெறுமையாக இருக்கிறது

இங்கே முதல் சந்தேகம் கான்ட்ராஸ்ட். பலகையின் பின்புறத்தில் உள்ள சிறு திருகைச் சிறு ஸ்குரூடிரைவரால் முழுச் சுற்றும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஓரத்தில் வெறுமையும் மறு ஓரத்தில் கருங்கட்டமும் வந்தால் கான்ட்ராஸ்ட் சுற்று நலம். எங்கே திருப்பினாலும் வெறுமையென்றால் கான்ட்ராஸ்டுக்கான விஓ பின்னில் மின்னழுத்தம் வருகிறதா என்று அளவிட வேண்டும்.

அடுத்தது பிஎஸ்பி பின். இந்தத் திரை இணை, தொடர் என்னும் இரு முறைகளிலும் ஓடும். தொடர் முறைக்குப் பிஎஸ்பி கிரவுண்டில் இருந்தாக வேண்டும். சில பலகைகளில் தொழிற்சாலையிலேயே அது விசிசியோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அதைக் கவனியாமல் வெளியிலிருந்து கிரவுண்டுக்கு இழுத்தால் விசிசியும் கிரவுண்டும் நேராக இணைந்துவிடும். ஆகவே இழுக்கும் முன், மின்சாரமில்லாத நிலையில், பிஎஸ்பிக்கும் விசிசிக்கும் இடையே தடையை அளந்துகொள்ளுங்கள்.

பின் பெயர்களும் குழப்பும். தொடர் முறையில் ஆர்எஸ் என்பது சிஎஸ் ஆகவும், ஆர்டபிள்யூ என்பது தகவல் கோடாகவும், இ என்பது கடிகாரமாகவும் மாறிவிடுகின்றன. பெரும்பாலான எஸ்பிஐ சிப்கள் சிஎஸ் தாழ்ந்தால் கேட்கும். எஸ்டி7920 மட்டும் உயர்ந்தால் கேட்கும். ஒரே பஸ்ஸில் எஸ்டி கார்டோடு இதைச் சேர்த்தவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

3டி பிரிண்டர்களில் வரும் இத்தகைய திரைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரண்டு பட்டைக் கேபிள்களும் சரியாகச் செருகப்பட்டும் திரை வெறுமையென்றால், சில நகல் பலகைகளில் சாக்கெட்டையே 180 பாகை திருப்பிப் பொருத்தியிருப்பார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கேபிளைத் திருப்பிச் செருகும் முன் ஜிஎன்டி, 5 வோல்ட் பின்கள் எங்கே இருக்கின்றன என்று மீட்டரால் உறுதி செய்துகொள்வது அவசியம்.

## அறிகுறி 3: படத்துக்குப் பதில் புள்ளிகள் பனிபோலச் சிதறித் தெரிகின்றன

திரையை இயக்கும் கட்டளை போய்விட்டது; நினைவகத்தில் கிடந்த குப்பையே தெரிகிறது. அசையாத குப்பை என்றால், நீங்கள் வரைந்தது பஃபரிலிருந்து திரைக்கு அனுப்பப்படவில்லை. வரைந்த பிறகு அனுப்பும் கட்டளையை எழுத மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள், அனுபவசாலிகளும் மறக்கிறார்கள்.

திரை முழுக்கக் குப்பை நிற்க, ஒரு கிடைமட்டப் பட்டையில் மட்டும் ஏதோ மாறிக்கொண்டிருந்தால், உங்கள் கையில் இருப்பது எஸ்எச்1106, நிரலில் இருப்பது எஸ்எஸ்டி1306. இரண்டும் ஒரே முகவரியில் பதில் சொல்லும். தோற்றத்திலும் வேறுபாடு தெரியாது. ஆனால் எஸ்எச்1106 ஒரு பக்கம் முடிந்ததும் தானாக அடுத்த பக்கத்துக்குத் தாவாது என்பதால், அனுப்பிய எல்லாமே ஒரே பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. 0.96 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டி1306-ம், 1.3 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் எஸ்எச்1106-ம் இருக்கும். விற்பவர் எழுதியிருக்கும் பெயரைவிட இந்த அறிகுறியே நம்பகமான சாட்சி.

குப்பை ஒவ்வொரு முறையும் மாறினால், அல்லது படம் பாதி வந்து பாதி சிதறினால், வேகத்தைக் குறையுங்கள். ஐ2சியை 400-லிருந்து 100 கிலோஹெர்ட்ஸுக்கும், எஸ்பிஐயை 1 மெகாஹெர்ட்ஸுக்கும் இறக்கி, படம் தெளிந்தால் காரணம் ஒயரில்தான். எஸ்பிஐ ஒயரை ஒரு சாணுக்குள் அடக்குங்கள். கடிகார ஒயரோடு ஒரு கிரவுண்ட் ஒயரை முறுக்கிக் கொண்டுபோங்கள். விசிசி, ஜிஎன்டி பின்களுக்கு மிக அருகில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். ஐ2சியில் ஒயர், சிப்கள் எல்லாம் சேர்ந்த கெப்பாசிட்டன்ஸ் 400 பிக்கோஃபாரடைத் தாண்டக் கூடாது என்பதே வரம்பு. நீண்ட கேபிளில் அது எளிதாகத் தாண்டிவிடும்.

## அறிகுறி 4: படம் தள்ளியோ, நசுங்கியோ, ஓரத்தில் கோடுகளோடோ தெரிகிறது

ஒயர் நலம், நிரலில் உள்ள பெயரோ அளவோதான் தவறு. மல்டிமீட்டரை எடுத்து வைத்துவிடலாம்.

- படம் இரண்டு புள்ளி தள்ளி, ஓர் ஓரத்தில் மெல்லிய குப்பைக் கோடு: இதுவும் எஸ்எச்1106. அதன் நினைவகம் 132 புள்ளி அகலம். திரை 128 மட்டுமே என்பதால் இரு பக்கமும் இரண்டிரண்டு மறைந்திருக்கின்றன.
- ஒன்று விட்டு ஒரு வரி காணவில்லை, அல்லது எழுத்துகள் நீண்டு தெரிகின்றன: 128×32 திரைக்கு 128×64 அமைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது மறுதலையாக. கட்டளைகளைத் தாங்களே எழுதுபவர்கள் ஹெக்ஸ் டிஏ என்ற கட்டளைக்கு 64 வரிக்கு 12, 32 வரிக்கு 02 என்று கொடுக்க வேண்டும்.
- எஸ்டி7735 வண்ணத் திரையில் இரு ஓரங்களில் சிதறல்: திரையின் பாதுகாப்புத் தாளில் ஒட்டியிருந்த சிறு வாலின் நிறத்தை வைத்து லைப்ரரிகள் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று வகை பிரிக்கின்றன. தாளைக் கிழித்து எறிந்துவிட்டீர்களானால் மூன்றையும் முயலுங்கள். வாலின் நிறமும் சில நேரம் பொய் சொல்லும்.
- 240×240 திரையை 180 பாகை திருப்பியதும் படம் 80 வரி தள்ளிப்போகிறது: சிப்பின் நினைவகம் 240×320 என்பதால் அந்த 80 வரிகளை ஆஃப்செட்டாகக் கொடுக்க வேண்டும்.
- கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிய எழுத்து: எஸ்எஸ்டி1306-இல் ஏ0-வை ஏ1 ஆக்குங்கள். தலைகீழென்றால் சி0-வை சி8 ஆக்குங்கள்.

நிரலில் எதை மாற்றினாலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஒரு செங்குத்துக் கோடு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கண்ணாடியின் ஓரத்தில் ஃபிளெக்ஸ் கேபிள் ஒட்டியிருக்கும் இடத்தை விரலால் மெல்ல அழுத்தும்போது அது மறைந்தால், ஒட்டு விட்டுவிட்டது. சாலிடர் இரும்பால் அதை ஒட்ட முடியாது. முயன்றால் கேபிள் உருகும்.

## அறிகுறி 5: நிறங்கள் மாறித் தெரிகின்றன

பலரும் சிவப்பை வரைந்து பார்த்துக் குழம்புகிறார்கள். திரை முழுவதையும் பச்சையால், அதாவது ஹெக்ஸ் 07இ0 என்ற எண்ணால், நிரப்புங்கள்; விடை உடனே வரும்.

பச்சை பச்சையாகவே நின்று, சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறினால், ஹெக்ஸ் 36 கட்டளையில் 08 என்ற பிட்டை மாற்றுங்கள். பச்சை ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நிறங்கள் எதிர்மறையாகியிருக்கின்றன. ஹெக்ஸ் 20, 21 ஆகிய கட்டளைகளில் எது போகிறதோ அதற்கு மாற்றானதை அனுப்புங்கள். ஐபிஎஸ் திரைகளுக்குப் பெரும்பாலும் 21 வேண்டியிருக்கும். பச்சை அடர் சிவப்பாகத் தெரிந்தால், 16 பிட் நிறத்தின் இரண்டு பைட்களும் முன்பின்னாகப் போகின்றன. படக் கோப்பிலிருந்து வரையும்போது மட்டும் இது நேர்ந்தால், கோப்பை மாற்றித் தந்த கருவியில் பைட் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: விரலால் தொட்டால் ஓடுகிறது, ரீசெட் அழுத்தினால்தான் ஓடுகிறது, சிறிது நேரத்தில் உறைந்துபோகிறது

மூன்றும் வேறு வேறு பிழைகள். வந்து முறையிடுபவர்கள் மட்டும் ஒன்றாகவே சொல்வார்கள்.

### 6-அ: தொட்டால் ஓடுகிறது

எங்கோ ஒரு பின் அந்தரத்தில் தொங்குகிறது. உங்கள் விரல் அதற்குப் பிடிமானம் தருகிறது. ரீசெட்டையும் சிஎஸ்ஸையும் முதலில் சந்தேகியுங்கள். திரைக்குத் தனி மின்சாரம் கொடுத்திருந்தால், அதன் கிரவுண்டும் மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டும் ஒயரால் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். யுஎஸ்பி கேபிள் செருகியிருக்கும்போது ஓடி, கழற்றியதும் நின்றால், கேபிள் வழியே கிரவுண்ட் இணைந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

### 6-ஆ: மின்சாரம் கொடுத்ததும் வராமல், ரீசெட் அழுத்தியதும் வருகிறது

திரை விழிப்பதற்கு முன்பே நிரல் கட்டளைகளை அனுப்பி முடித்துவிடுகிறது. நிரலின் தொடக்கத்தில் 200 மில்லி நொடி காத்திருப்பு ஒன்றைச் சேருங்கள். கட்டளைகளைத் தாங்களே எழுதியிருந்தால், ஐஎல்ஐ9341 தூக்கத்திலிருந்து எழும் ஹெக்ஸ் 11 கட்டளைக்குப் பிறகு 120 மில்லி நொடி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

### 6-இ: ஓடிக்கொண்டிருந்து உறைகிறது

மோட்டாரோ ரிலேயோ இயங்கும் நொடியில் உறைந்தால், மின்சாரத்தில் ஏற்படும் குழிதான் காரணம். ரிலே சுருளின் குறுக்கே டையோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மோட்டாரின் மின்சாரத்தையும் திரையின் மின்சாரத்தையும் மூலத்திலிருந்தே பிரியுங்கள். திரைப் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேருங்கள். நிரலில் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தொடக்கக் கட்டளைகளோடு புதுப்பிப்பது நோயை மறைக்கும் மருந்துதான். ஆனால் தொலைவில் பொருத்திவிட்ட கருவியில் அதையும் நான் சேர்த்தே வைக்கிறேன்.

எந்த மோட்டாரும் இல்லாமல், ஏறத்தாழ ஒரே கால அளவு ஓடிய பிறகு உறைந்தால், திரையைக் குறை சொல்ல வேண்டாம். நிரல் ரேமைத் தின்றுகொண்டே போகிறது.

உறையாமல் மந்தமாக மட்டும் இருந்தால் அது பிழையே இல்லை. 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் 1,024 பைட் போய்ச்சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். 240×320 வண்ணத் திரையின் 1,53,600 பைட் 8 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஆறு முறைக்கு மேல் போகாது. மாறிய பகுதியை மட்டும் வரையுங்கள்.

## அறிகுறி 7: யூஆர்ட் இணைப்புத் திரை பதிலே சொல்லவில்லை

தன் சொந்தச் செயலியோடு வரும் இவ்வகைத் திரைகளில் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) மறுபக்கத்தின் ஆர்எக்ஸுக்கும் (பெறும் பின்னுக்கும்), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கும் குறுக்காகப் போக வேண்டும். வேகம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9600 என்று தொடங்கிப் பாருங்கள். நெக்ஸ்டியான் திரைகளில் ஒவ்வொரு கட்டளைக்கும் பின் ஹெக்ஸ் எஃப்எஃப் மூன்று முறை போகாவிட்டால் கட்டளை முடிந்ததாகவே அது கருதாது. உனோவின் 0, 1 பின்களில் திரையைச் செருகியபடியே நிரலை ஏற்ற முயன்றால் ஏற்றமும் தோற்கும். பழைய கணினியின் ஆர்எஸ்232 போர்ட்டை நேராக இணைத்துவிடாதீர்கள். அதன் மின்னழுத்தம் எதிர்மறைக்கும் போகும், திரையின் பின் அதைத் தாங்காது.

## எப்போது நிறுத்தி, தொழில்நுட்பரிடம் கொடுக்க வேண்டும்

திரை, ஒயர் இரண்டையும் மாற்றியும் அதே பிழை நீடித்தால், மைக்ரோகண்ட்ரோலரின் பின் போயிருக்கலாம். வேறு பலகையில் சோதிக்க வழியில்லையென்றால், லாஜிக் அனலைசரோ ஆசிலாஸ்கோப்போ வைத்திருப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்; அரை மணி நேரத்தில் கோட்டில் என்ன போகிறது என்று அவர் காட்டிவிடுவார்.

மாட்யூல் தனியாகக் கிடைக்காமல் ஒரு கருவிக்குள்ளேயே ஒட்டியிருந்து, சிப்பையோ ஃபிளெக்ஸ் சாக்கெட்டையோ மாற்ற வேண்டியிருந்தால், வெப்பக் காற்றுச் சாலிடர் நிலையம் உள்ளவரே அதைச் செய்ய வேண்டும். தனியாகக் கிடைக்கும் சிறு திரைக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. புதிதாக ஒன்றைப் பொருத்துவதே மலிவு. விரிசல் விட்ட கண்ணாடியையும், ஒரே எழுத்து நீண்ட நாள் நின்றதால் மங்கிய ஓஎல்இடி புள்ளிகளையும் யாராலும் சரிசெய்ய முடியாது.

திரை இருக்கும் கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடுவதாகவோ, லித்தியம் பேட்டரி உப்பியோ சூடாகியோ இருப்பதாகவோ தெரிந்தால், மேலே சொன்ன எந்த அளவீட்டையும் மூடியைத் திறந்து செய்ய வேண்டாம். மருத்துவக் கருவிகளின் திரையையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது வெறும் திரையை மட்டும் கொடுக்காதீர்கள். மாட்யூலின் இரு பக்கப் படமும், எந்தப் பின் எங்கே செருகப்பட்டிருந்தது என்ற குறிப்பும், விசிசி, எஸ்டிஏ, எஸ்சிஎல் பின்களில் நீங்கள் அளந்த மின்னழுத்தமும், மாதிரி நிரல் காட்டிய அறிகுறியும் ஒரு தாளில் இருந்தால், அவர் தொடங்கும் இடம் நீங்கள் நிறுத்திய இடமாக இருக்கும்.